நெளிவு சுளிவு

இரண்டாவது தடவை ஊசி விட்டு எடுத்த சதை
முதல் சதை மாதிரி இல்லையாம்.
டாக்டர் ரெஜினா இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார்.
ஒன்றில் செல்லெல்லாம் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தன,
பந்தியில் இலைக்குக் காத்திருக்கிற மாதிரி.
மற்றது, கொட்டிவிட்ட ராகி.
"ரெண்டும் ஒரே வம்சந்தானுங்க" என்றார்.

தெய்வாத்தாள், 49, பெண்.
பீடி சிகரெட்: இல்லை.
அந்த 'இல்லை'யை எல்லா ஆஸ்பத்திரியிலும்
இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினார்கள்.
பஞ்சுங்களா, சாயமுங்களா என்று நானே கேட்டேன்.
தெரியலைங்க என்றார்.
அந்தப் பதிலுக்காகவே கோயமுத்தூரில் இவரிடம் நின்றுவிட்டேன்.

ஒன்றரை வருசம்
தினம் ஒரு மாத்திரை.
எலுமிச்சங்காய் அளவு இருந்தது புளியங்கொட்டை ஆனது.
சிவன்மலைப் படியை நிற்காமல் ஏறினேன்.
அப்புறம் முதுகெலும்பில் ஒரு புள்ளி,
ஈரலில் மூன்று.

"உடம்புல எல்லாச் செல்லுக்கும் ஒரே பேட்டர்ன் புத்தகந்தான்.
நுரையீரல் தனக்கு வேண்டிய பக்கத்தைத் திறந்து வச்சுட்டு
மீதியை ஒட்டிரும்.
இதுக்கு, ஒட்டின பக்கமெல்லாம் பிரியுது."

எனக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அனுப்பர்பாளையத்தில் என் யூனிட்டுக்குப் போர்டு எழுதியவர்
இதுவரை நான்கு தடவை எழுதியிருக்கிறார்.
காலர் நிட்டிங் என்று ஆரம்பித்தேன்.
ஆர்டர் நின்றதும் செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் எட்டு.
சாயப்பட்டறைகள் மூடிய வருசம்
வெள்ளைத் துணி மட்டும் தைத்தோம்.
ஊரடங்கில் ஐந்தாம் நாளே மாஸ்க்.
இப்போது பெங்களூருக்கு நைட்டி.
சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது
பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து தெரியும்.
மாத்திரை
போர்டைப் படித்துவிட்டு ஆளைத் தேடி வந்தது, பாவம்.

பக்கத்துச் செல்லின் கையை விட்டுவிடுமாம் முதலில்.
உருவம் நீண்டு, சந்தில் நுழைந்து,
ரத்தத்தோடு போய்,
போன இடத்தில் மறுபடி கைகோத்து, உருண்டு, குடித்தனம்.
வெள்ளகோவிலில் இருந்து ஒரு தகரப்பெட்டியோடு
நானும் இப்படித்தான் பஸ் ஏறினேன்.

மருந்து இருக்கும்வரை பெருகாமல், சாகாமல்
சில செல் சும்மா கிடக்குமாம்.
கரண்ட் போன நேரத்தில் பீஸை மடியில் வைத்துக்கொண்டு
மெஷினிலேயே உட்கார்ந்திருக்கிற என் பிள்ளைகள் மாதிரி.

"கெட்டிக்காரத்தனமுங்களே டாக்டர்."
"புத்தியெல்லாம் அதுக்கு இல்லைங்க. திட்டமும் இல்லை.
மாறினது மிஞ்சுச்சு. மாறாதது செத்துச்சு."

ஆபீஸ் சுவரில் ஒரு ஷீல்டு தொங்குகிறது.
கொடுத்தவர் மைக்கில் சொன்னார்:
நெளிவு சுளிவு தெரிஞ்ச பொம்பளை.
கைதட்டினார்கள். நான் சிரித்தேன்,
போட்டோவில் இருக்கிறது.
எனக்கும் அவ்வளவுதானோ,
மாறினேன், மிஞ்சினேன்?
கேட்கவில்லை. வெளியே டோக்கன் முப்பத்தேழு காத்திருந்தார்.

இனி மூன்று வாரத்துக்கு ஒருக்கா, மூன்று நாள், டிரிப்.
பழைய மாத்திரையையும் விடக் கூடாது:
இன்னும் பழைய போர்டுக்குக் கீழேயே
உட்கார்ந்திருக்கிற செல்லும் உண்டாம்.
பிரியும் பக்கங்களைப் பிரியாமல் பிடிக்கிற மருந்துக்கு
எங்கெங்கோ பரிசோதனை நடக்கிறது.
என் ஃபைலுக்கு அது இன்னும் வரவில்லை.
முடி கொட்டும் என்றார். கொட்டட்டும்.
எத்தனை மாசம் என்பதை மட்டும்
ஒரு எண்ணாகச் சொல்ல மறுத்துவிட்டார்.

கருமத்தம்பட்டி தாண்டும்போது போன்.
பெங்களூர் பார்ட்டி.
"அக்கா, நைட்டி மூவ் ஆகலை. குழந்தை ஜட்டி முடியுமா?"
யோசிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது:
"பண்ணிக்கலாமுங்க."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சம்பத்து
கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தான்.
எத்தனை டஜன், என்ன சைஸ், எலாஸ்டிக் உள்ளேயா வெளியேயா,
ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில்
குறித்துக்கொண்டே வந்தேன்.